செருப்பைக் கழற்றச் சொல்லும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கிளினிக் வாசலில் ஒரு போர்டு இருக்கும், ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று. சில இடத்தில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். சில இடத்தில் மருந்துக் கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததாக இருக்கும். நாங்களும் கோயிலுக்குள் போவது போல வாசலிலேயே கழற்றிவிட்டு, டோக்கன் வாங்கி, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உங்கள் முன்னால் வந்து உட்காருகிறோம். சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மாத்திரை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அவ்வளவு நேரமும் எங்கள் கால் வெறுங்காலாக உங்கள் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

நான் செருப்புத் தைப்பவன். கடைத்தெருவில் தொங்கும் செருப்பு இல்லை, உணர்ச்சி போன கால்களுக்குப் போடும், மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. ஆம்பூர் பக்கம் சின்னதாக ஒரு கடை. தொழுநோய் மருத்துவமனை ஒன்றின் செருப்புப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, 26 வருஷமாக இதே வேலை. ஆரம்பத்தில் என்னிடம் வந்தவை தொழுநோய்க் கால்கள். இப்போது பத்துக்கு எட்டு சர்க்கரைக் கால்கள். டாக்டருக்குப் படித்தவன் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் ஏழெட்டுப் பேரின் காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். உங்களில் பலர் ஒரு மாதத்தில் பார்ப்பதைவிட அது அதிகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் எழுதப்போவதில் முக்கால்வாசி உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். உங்கள் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் விரித்து எழுதுகிறேன்.

போன மாசி மாதம் ஒரு அம்மா வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போடுகிறவர், அறுபது வயது இருக்கும். “தம்பி, இந்த வாரு லூசா இருக்குது. நடக்கறப்ப கழண்டு கழண்டு போவுது. கழண்டதுகூடத் தெரிய மாட்டேங்குது, ரோட்டுல பின்னாடி வர்றவங்க சொல்றாங்க. டைட் பண்ணிக் குடு.” செருப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வாரில் ஒரு குறையும் இல்லை, அளவு சரியாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஆணித் தலை. குறடால் பிடித்து இழுத்தேன். ஒரு இன்ச் ஆணி. உள் பக்கம் அரை விரல் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. “அக்கா, காலைக் காட்டுங்க” என்றேன். கட்டை விரலுக்குக் கீழே, மேடு போல இருக்கும் இடத்தில், ஒரு ஓட்டை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஊறிப்போன தோல். ரத்தம் இல்லை. “இது எப்போங்க்கா?” என்றால், அவர் என்னைப் பார்த்துக் கேட்கிறார், “எது?” என்று.

முந்தின நாள்தான் சுகர் மாத்திரை வாங்க கிளினிக் போய்விட்டு வந்தாராம்.

வாரை டைட் பண்ணிக் கொடு என்று கேட்பதே ஒரு அறிகுறி, டாக்டர். கால் உணராதபோது சரியான அளவுச் செருப்பு லூசாகத் தெரிகிறது. இறுக்கிப் போட்டால்தான் போட்டது போலவே இருக்கிறது. இறுக்கிய வார் தோலை அறுக்கும்போது அதுவும் தெரிவதில்லை. புதுச் செருப்பு வாங்கி ஒரே நாளில் புண்ணாகி வருபவர்களில் பாதிப் பேர் இப்படிக் கடையில் நின்று ஒரு சைஸ் கம்மியாகக் கேட்டு வாங்கியவர்கள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கழற்றி வைத்த செருப்பைப் பார்ப்பேன். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உடம்பு முழுக்க ஓடுகிற நரம்புகளில் மூன்று வேலை இருக்கிறது என்று பட்டறையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டால் சுட்டால் தகவல் சொல்வது ஒன்று. தசையை ஆட்டுவது ஒன்று. நாம் நினைக்காமலே வியர்வை, இதயத் துடிப்பு, குடல், மூத்திரப்பை இவற்றைப் பார்த்துக்கொள்வது ஒன்று. மூன்றும் செருப்பில் தெரியும். உணர்ச்சி நரம்பு போனவர் செருப்பில் கல், முள், கண்ணாடித் தூள் எல்லாம் குத்தி அப்படியே இருக்கும். தசை நரம்பு போனவர் பாதத்தைத் தூக்க முடியாமல் இழுப்பார், அதனால் செருப்பின் முன் நுனி மட்டும் தேய்ந்திருக்கும். விரல்கள் நகம் போல வளைந்துபோனவர்களுக்கு இன்சோலில் விரல் நுனிகள் குழி குழியாகப் பதிந்திருக்கும். மூன்றாவது வகைதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. வருஷக்கணக்கில் போட்ட செருப்பு, ஆனால் உள்ளே வியர்வைக் கறையே இருக்காது. தடம் பதியாத செருப்பு. வியர்க்காத கால் காய்ந்து, குதிகாலில் வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். அதே ஆளைக் கேட்டால் படுக்கையிலிருந்து எழுந்தால் கிறுகிறுக்கிறது, சாப்பிட்டால் வயிறு கல்லாக நிற்கிறது, ராத்திரி மூத்திரம் சரியாகப் போவதில்லை என்பார். ஆண்கள் இன்னொன்றையும் சொல்வார்கள், என்னிடம்தான், உங்களிடம் சொல்ல வெட்கம். இவர்களுக்கு மாரடைப்பே வலி இல்லாமல் வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு செருப்பும் உண்டு. ஒரு காலுக்கு மட்டும் பத்தாத செருப்பு. “ரெண்டும் ஒரே சைஸ்தான், இந்தக் கால் மட்டும் உள்ள போவல” என்று வருவார்கள். தொட்டால் அந்தக் கால் மட்டும் சூடாக இருக்கும், வீங்கி, லேசாகச் சிவந்து. வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விட்டிருப்பார்கள், அல்லது யூரிக் ஆசிட் என்று மாத்திரை வாங்கியிருப்பார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்குள் எலும்பு சத்தமில்லாமல் நொறுங்கிக்கொண்டிருக்கிற நிலை அதுவாக இருக்கலாம். சார்கோ பாதம் என்பீர்கள். அந்தச் சமயத்தில் மாவுக்கட்டுப் போட்டு நடையை நிறுத்தினால் கால் கால் போலவே இருக்கும். விட்டுவிட்டால் உள்ளங்கால் வளைவு கவிழ்ந்து படகு மாதிரி ஆகிவிடும். அதற்கு அப்புறம் என்னிடம் அனுப்பி என்ன செருப்புத் தைப்பது?

சர்க்கரை ஏன் காலில் ஆரம்பிக்கிறது என்று கேட்காத ஆள் இல்லை. நான் சொல்லும் பதில் இது. இடுப்பிலிருந்து கால் கட்டை விரல் வரை போகிற நரம்பு இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமானது. அதன் உயிர் முழுக்க மேலே முதுகுப் பக்கம் இருக்கிறது, அங்கிருந்துதான் நுனி வரைக்கும் சாப்பாடு போக வேண்டும். சர்க்கரை அந்த இழையையும் கெடுக்கிறது, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களையும் கெடுக்கிறது. கடைசி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அதனால் இரண்டு பெருவிரலிலும் ஒரே மாதிரி ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறி, முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல் நுனியிலும் தொடங்கும்.

மெல்லிய இழைகள் முதலில் கெட்டால் எரிச்சல், குத்தல், கரண்ட் அடிப்பது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்க முடியாதது. தடித்த இழைகள் கெட்டால் மதமதப்பு, பஞ்சு மேல் நடப்பது, முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுவது. எரிகிறது என்று அழுகிற அதே காலில் ஆணி ஏறினால் தெரியாது. ஜனங்களுக்கு இது புரிவதே இல்லை. “எரியுதே, அப்போ உணர்ச்சி இருக்குதுன்னுதானே அர்த்தம்?” என்கிறார்கள். எரிச்சல் நெருப்பால் வருவதில்லை, கெட்டுப்போன நரம்பு தானாகக் கத்துகிற சத்தம் அது. எரிச்சலே இல்லாமல் நேராக மரத்துப்போகிறவர்களும் நிறைய. அவர்கள் உங்களிடம் ஒரு புகாரும் சொல்ல மாட்டார்கள். புகார் சொல்ல வேண்டிய நரம்புதானே போய்விட்டது.

2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அதில் பாதிப் பேர் வரைக்கும் வாழ்நாளில் எப்போதாவது நரம்பு பாதிப்பு வரும் என்பதையும் நீங்களே சொல்வீர்கள். பாதி என்று வைத்துக்கொண்டால் எத்தனை கோடிக் கால்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னத் தொந்தரவு நம் பேச்சிலேயே இருக்கிறது. நம் ஊரில் நரம்பு என்றால் எல்லாம் நரம்புதான். ரத்தம் எடுக்க ஊசி குத்துகிற சிரையும் நரம்பு, கெண்டைக்காலில் சுருட்டிக்கொண்டு நிற்பதும் நரம்பு, குதிகாலுக்கு மேல் இழுக்கும் தசைநாணும் நரம்பு. “நரம்பு இழுக்குது டாக்டர்” என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டால்தான் தெரியும். கேட்க நேரம் இல்லாதபோது ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்கள் அந்தப் பெயரை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலேயே பாதிப் பெண்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் அடுத்த முறை காலைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு ஊசி. மதமதப்பு என்று யார் வந்தாலும் ஒன்று. அது பி12 வைட்டமின் ஊசி. பி12 குறைந்தவருக்கு அது அமிர்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வருஷக்கணக்கில் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், கறி மீன் முட்டை தொடாதவர்களுக்கு இன்னும் குறையலாம். அப்படிப்பட்டவருக்கு நரம்பு கெடுவதில் பாதி சர்க்கரையால், பாதி மாத்திரையால் என்றுகூட இருக்கலாம். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பார்க்காமலே சத்து மாத்திரை, சத்து ஊசி என்று ஓட்டினால் வேறொரு ஆபத்தும் உண்டு. பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், ரொம்ப நாள் அளவுக்கு மீறிப் போனாலும் அதே நரம்பு கெடும். டி.பி. மாத்திரை ஐசோனியசிட் சாப்பிடுபவருக்கு அதே பி6ஐச் சேர்த்துக் கொடுக்காவிட்டால் காலில் எரிச்சல் வரலாம். கிட்டத்தட்ட ஒரே எரிச்சல், காரணம் நேர் எதிர்.

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எல்லா மதமதப்பும் சர்க்கரை ஆகிவிடாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று எத்தனை டாக்டர் கேட்கிறீர்கள்? எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலையும் ரப்பரையும் ஒட்டுவதற்கு நாங்கள் சொல்யூஷன் என்போம், டப்பாவைத் திறந்தாலே மண்டைக்கு ஏறும். சில சொல்யூஷனில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும். 1960களில் ஜப்பானில் வீட்டுக்குள்ளும் சின்னப் பட்டறைக்குள்ளும் உட்கார்ந்து சாண்டல் ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்கு அதனால் கை கால் மரத்து, தசை சூம்பி, நடக்க முடியாமல் போனது. இத்தாலியில் ஷூ தைத்தவர்களுக்கும் அதே கதை. இதில் கெட்ட விஷயம் என்னவென்றால், வேலையை நிறுத்திய பிறகும் சில மாதம் மோசமாகிக்கொண்டே போய்த்தான் நிற்கும். என்னிடம் வேலை செய்த பையன் ஒருவன், 24 வயது, சர்க்கரை கிடையாது, குடி கிடையாது. மாடிப்படி ஏறும்போது கால் மடங்குகிறது என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் “வெயிட் போடு, முட்டை சாப்பிடு” என்றார்கள். தற்செயலாகத்தான் எனக்குப் பட்டது, மழைக்காலம் முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று. அந்த டப்பாவில் ஹெக்சேன் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதில் எழுதியிருக்கவில்லை. பின்பக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன், ஒட்டுகிற வேலையிலிருந்து அவனை மாற்றினேன். தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அது சொல்யூஷன்தானா என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சாராயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களும் வருகிறார்கள், கீமோ முடிந்து புண்ணெல்லாம் ஆறிய பிறகு கைகால் நுனியில் ஆரம்பித்தது என்று. தைராய்டு, சிறுநீரகம், அக்கி வந்து ஆறிய இடத்தில் நிற்கிற எரிச்சல் என்று இன்னும் இருக்கிறது. இவை எனக்கு அதிகம் பழக்கம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

இரண்டு காலிலும் சமமாக வராமல் ஒரே ஒரு நரம்பு கெடுவது வேறு ஜாதி. எனக்கே வந்தது. வலது கையில் தோல் வெட்டும் கத்தியைப் பிடித்துப் பிடித்து, ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்து உதறுவேன். கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லிக் காலர் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் காலரோடு செருப்புத் தைத்தேன். அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பிதான் கேட்டான், “அண்ணே, சுண்டு விரல் மரக்குதா?” இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. அவ்வளவுதான், மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்குண்டு கிடக்கிறது என்றான். ராத்திரி மணிக்கட்டை மடங்க விடாமல் பட்டை போட்டதில் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு விரலைக் கேட்டதில் மூன்று மாதக் காலர் போனது!

இன்னொன்று, பாதம் தொங்கிப்போவது. முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, எலும்பு முண்டு ஒன்று தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்குக் கீழேயே ஓடுகிறது. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து களை எடுக்கிறவர்களுக்கு, கால் மேல் கால் போட்டு உட்காரும் மெலிந்த ஆட்களுக்கு, மாவுக்கட்டு அங்கே அழுத்தியவர்களுக்கு அது நசுங்கும். வெறும் அழுத்தம் என்றால் சில வாரத்தில் திரும்பிவிடும். உறை பிழைத்து உள்ளிழை மட்டும் அறுந்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து வர வேண்டும். முழுவதும் வெட்டுப்பட்டுவிட்டால் தைத்தால்தான் உண்டு. முதல் சில வாரத்தில் எந்த வகை என்று பார்க்காமல் விட்டால், தசை சூம்பிய பிறகு நரம்பு வந்து சேர்ந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆறு வயதுப் பையன் ஒருவனை அவன் ஆயா தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சலுக்குப் புட்டத்தில் ஊசி போட்டார்களாம், எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்டு என்ன செய்ய. அன்றைக்கே கால் இழுத்துக்கொண்டது. போலியோ என்று ஊரில் பேச்சு. அவன் செருப்பின் முன் நுனி ரம்பத்தால் அறுத்த மாதிரி தேய்ந்திருந்தது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். புட்டத்திலிருந்து பாதம் வரை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். அவன் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை வருஷம். குழந்தைக்கு ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால் தொடையில் போடுங்கள் டாக்டர். மாத்திரையில் முடியும் என்றால் அதுவே போதும்.

எந்தச் செருப்பும் பார்க்க நேரமில்லாத வகை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேதியோ சளியோ வந்து போய் ஒன்றிரண்டு வாரத்தில், நேற்று நடந்தவர் இன்று படி ஏற முடியவில்லை, நாளைக்கு எழுந்து நிற்க முடியவில்லை என்றால், அது கில்லன்-பாரே ஆக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் கொத்துக் கொத்தாக வந்தபோது பேப்பரில் படித்தோம். அது கீழிருந்து மேலே ஏறி மூச்சுத் தசைக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குச் சத்து ஊசி போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று அனுப்பாதீர்கள். வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அனுப்புங்கள். உரிய நேரத்தில் போனவர்கள் பெரும்பாலும் நடந்து திரும்புகிறார்கள். எனக்கு அப்படி இரண்டு வாடிக்கையாளர்கள் உண்டு.

இனி நான் கற்ற பட்டறைக் கதை. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அதுவரை தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்றுதான் உலகமே நம்பியது. அவர் புண்களை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். இது சமைக்கும்போது சுட்டது, இது கருவி பிடித்து அழுத்தியது, இது ராத்திரி எலி கடித்தது. விரல் தானாக விழவில்லை. கிருமி நரம்பைக் கொன்றது, வலி இல்லாத கையையும் காலையும் அன்றாட வாழ்க்கை தேய்த்துத் தீர்த்தது. அதனால்தான் கால் புண்ணுக்கு மருந்தைவிடச் செருப்பு முக்கியம் ஆனது, வேலூர், கரிகிரி பக்கம் செருப்புப் பட்டறைகள் வந்தன. 1960களில் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே போய்ப் பார்த்தால் சர்க்கரைக் காரர்களின் காலிலும் அதே புண், அதே இடத்தில். நம் வட்டாரத்துக் கால்களிடம் கற்ற பாடம்தான் அங்கே சர்க்கரைக் கால்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வேலூரிலிருந்து லூசியானா வரைக்கும் போன விஷயம், வேலூரிலிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற கிளினிக்குகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தொழுநோயும் முடிந்துபோன கதை இல்லை. வெளிறிய ஒரு படை, அதில் தொட்டால் தெரியவில்லை, முழங்கை உள்பக்கம் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறது என்றால் தேமல் களிம்பு எழுதாதீர்கள். கூட்டு மருந்து இலவசம். சீக்கிரம் கொடுத்தால் என் கடைக்கு வர வேண்டிய அவசியமே இருக்காது.

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமாவுக்கு 11 வருஷம் சர்க்கரை. மாதம் தவறாமல் ஒரே கிளினிக். 132 முறை அந்த வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறார். ஒருமுறைகூட அவர் காலை யாரும் தொடவில்லை. கால் ஜில்லென்று இருக்கிறது என்று அக்காவிடம் வெந்நீர் கேட்டு வாங்கிப் பாதத்தை வைத்தார். சூடு தெரியவில்லை. எடுத்தபோது தோல் சாக்ஸ் மாதிரி உரிந்து வந்தது. இரண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் பார்க்கவில்லை. ஊர்க் காலையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தவன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மாமா காலைப் பார்க்கவில்லை. ஒருமுறை செருப்பு தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே எங்கள் பக்கம் ஆட்களுக்குத் தெரியும், அது யார் போடுவது என்று. “அதைப் போட்டுக்கினு அவரு எப்படிடா கல்யாணம் காட்சிக்குப் போவாரு?” என்றாள் அக்கா. சரி என்று விட்டுவிட்டேன். இப்போது மேலே சாதாரணத் தோல் வைத்து, பார்த்தால் கடைச் செருப்பு போலவே தைக்கிறேன். அன்றைக்கே அந்தப் புத்தி வந்திருக்கலாம்.

உங்களிடம் பெரிய மெஷின் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை என்று கண்டுபிடித்த அன்றைக்கு ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறையாவது காலைப் பாருங்கள். புண் வந்து ஆறிய கால் என்றால் வரும்போதெல்லாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் விரலே போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டு விரல் நுனியை இறகு படுவது போல ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டு இடம் தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஊர் டாக்டர்கள் கண்டுபிடித்த முறை இது. உங்கள் நர்ஸ் தங்கைகூடச் செய்யலாம், ஒரு நிமிஷம் ஆகாது. கூடவே விரல் இடுக்கையும் பாருங்கள். கால் ஆணி என்று பிளேடால் சீவிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். உணர்ச்சி இல்லாத காலில் தடித்த தோல் ஆணி அல்ல, அடியில் புண் ஊறுவதற்கான மூடி. மதியம் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றாதே என்று நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எரிச்சலுக்கு நீங்கள் எழுதும் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். அது எரிச்சலைத்தான் அடக்கும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. எரிச்சல் நின்றது, நரம்பு சரியாகிவிட்டது என்று செருப்பை மூலையில் போட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு விஷயம், அந்த போர்டு. வாசலிலிருந்து உங்கள் அறை வரைக்கும் வெயில் காய்ந்த சிமெண்டுப் படி, உடைந்த ஊசிக் குப்பி, யாரோ போட்ட ஸ்டேப்ளர் பின். உணர்ச்சி இல்லாத காலை அதில் வெறுங்காலாக நடக்க விடுவதும் நீங்கள்தான். எங்கள் பக்கத்துக் கடையில் போர்டு எழுதும் தம்பி இருக்கிறான். தகரமும் பெயிண்டும் என் செலவு, கேட்கிற கிளினிக்குக்கெல்லாம் எழுதி நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். வாசகம் இதுதான்:

‘சர்க்கரை உள்ளவர்கள் செருப்போடு உள்ளே வரலாம். டாக்டர் முன்னால் கழற்றவும்.’

இப்படிக்கு,
ஆம்பூர் பக்கத்துச் செருப்புக்காரன்